கூம்பிய கருவிழிக்குத் தொடுவில்லை: வசதி குறைந்த இடத்திலும் பார்வை மீளும்

பொழுது புலருமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு உளி ஒரு கருவி. கண் மற்றொரு கருவி. பட்டையை ஆழமாகச் சீவினால் மரம் காயப்படுகின்றது. மேலோட்டமாகச் சீவினால் பால் குறைகின்றது. மரத்தின் உட்படைக்கு மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுச் சீவுவதே நல்ல வெட்டு என்பதைப் பழகிய கைகள் அறியும். அந்த ஒரு மில்லிமீட்டரைக் கைக்குக் காட்டிக் கொடுப்பது கண்ணேயாகும். கண் கலங்கினால் தொழிலும் கலங்கும்.

கெலாங் பாத்தா வட்டாரத்துத் தோட்டமொன்றில் வாழும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் படிக்கும்போதே கரும்பலகை எழுத்துகள் அவருக்கு நிழலாடின. மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அது பயனற்றுப் போனது. வேறொன்று வாங்கினார்கள், அதுவும் சரிப்படவில்லை. இரவில் ஒரு விளக்கு மூன்று நான்காகத் தெரிகின்றது. எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் ஒளி வால் முளைத்ததுபோல் நீள்கின்றது. “இந்தப் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை” என்று வீட்டாரும், “வேலையில் கவனமில்லை” என்று மற்றவரும் கூறத் தொடங்கிவிட்டனர். உண்மையில் அவரிடம் குறைந்திருப்பது கவனமன்று. அவருடைய கண்ணின் முகப்பு உருமாறி வருகின்றது.

இத்தகைய இளைஞருக்குப் பார்வையை மீட்டுத் தர வழியுண்டு. அதற்கு மாநகரத்து மருத்துவமனைகளில் காணப்படும் விலை மிகுந்த இயந்திரங்கள் யாவும் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற கண்ணும், சில எளிய கருவிகளும், நோயாளியின் விடாமுயற்சியும் கூடினால் பெரும்பாலும் போதும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூம்புக் கருவிழி என்பது யாது?

கண்ணின் முகப்பில், கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடியைப் போன்று, ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் ஒன்று வளைந்து அமைந்துள்ளது. இதனைக் கருவிழிப்படலம் என்பர். இதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கண்ணுக்குள் புகும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் பெரும்பங்கை ஆற்றுவது இப்படலமே. இது சீரான வளைவுடன் இருக்கும்வரை உருவங்கள் தெளிவாகத் தெரியும்.

சிலருக்கு இளம்பருவத்தில் இப்படலத்தின் நடுப்பகுதியோ அதற்குச் சற்றுக் கீழ்ப்பகுதியோ மெலிந்து, வலுவிழந்து, முன்னோக்கிப் பிதுங்கத் தொடங்குகின்றது. உருண்டை வடிவம் மாறிக் கூம்பு வடிவம் தோன்றுகின்றது. இந்நோயைக் கெரட்டோகோனஸ் என்று மருத்துவர் அழைப்பர். நாம் கூம்புக் கருவிழி என்று கூறலாம். 1854ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ஜான் நாட்டிங்ஹாம் என்னும் மருத்துவர் இதனை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதினார்.

இந்நோய் பொதுவாகப் பத்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் தலைகாட்டி, முப்பது நாற்பது வயதுவரை மெல்ல வளர்ந்து, பின்னர் அடங்குவது இயல்பு. பெரும்பாலும் இரு கண்களையும் தாக்கும். ஆயினும் ஒன்றில் மிகுந்தும் மற்றதில் குறைந்தும் காணப்படும். இது தொற்றுநோயன்று. சில குடும்பங்களில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு வருவதுண்டு. கண்ணில் ஒவ்வாமை அரிப்பு உள்ளவர்களும், கண்களை ஓயாமல் அழுத்திக் கசக்கும் பழக்கமுடையவர்களும் இதற்கு மிகுதியாக ஆளாகின்றனர்.

இது மிக அரிய நோய் என்று முன்னர்க் கருதப்பட்டது. அண்மைக் கால ஆய்வுகள் அக்கருத்தை மாற்றியுள்ளன. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அங்கு வாழும் இந்திய வழியினர் உள்ளிட்ட ஆசியரிடையே இந்நோய் வெள்ளையரைவிட நான்கு மடங்கு மிகுதி எனக் கண்டறியப்பட்டது. இந்தியாவின் மராட்டிய மாநிலச் சிற்றூர்களில் முப்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2009ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, நூற்றுக்கு 2.3 பேரின் கருவிழி வளைவு இந்நோய்க்குரிய அளவை எட்டியிருந்ததாகக் கூறுகின்றது. அவர்கள் அனைவருக்கும் பார்வை கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருளன்று. எனினும் நம்மிடையே இந்நோய் அரிதன்று என்பதை உணர இவ்வெண்கள் போதும்.

மூக்குக்கண்ணாடி ஏன் போதவில்லை?

தொடக்க நிலையில் மூக்குக்கண்ணாடி உதவும். கூம்பு வளர வளர அதன் பயன் குன்றும். காரணம் எளிது. மூக்குக்கண்ணாடி ஒழுங்கான குறையைத்தான் திருத்த வல்லது. கூம்பிய கருவிழியின் மேற்பரப்போ ஓரிடத்தில் செங்குத்தாகவும் ஓரிடத்தில் தட்டையாகவும் ஒழுங்கின்றி இருக்கின்றது. நெளிந்த முகக்கண்ணாடியில் முகம் பார்ப்பவர் எத்தனை மூக்குக்கண்ணாடி மாற்றி அணிந்தாலும் முகம் நேராகத் தெரியாதல்லவா? அதுபோன்றதே இது.

இங்குதான் கடினத் தொடுவில்லை துணை புரிகின்றது. காண்டாக்ட் லென்ஸ் என்று கடைகளில் வழங்குவதையே இங்கு நாம் தொடுவில்லை என்கிறோம். உறுதியான பொருளால் ஆன சிறு வில்லையொன்று கருவிழியின்மீது மிதக்கும்போது, வில்லைக்கும் படலத்துக்கும் இடையிலுள்ள மேடுபள்ளங்களைக் கண்ணீர் நிரப்புகின்றது. ஒளியின் முன்னே இப்பொழுது நிற்பது கரடுமுரடான கூம்பன்று. வழவழப்பான வில்லையின் முகமே. ஒரு நொடியில் கண்ணுக்குப் புதிய முகப்பு கிடைத்துவிடுகின்றது. மூக்குக்கண்ணாடியால் பெரிய எழுத்தையும் படிக்க இயலாத ஒருவர், தக்க வில்லை பொருத்தியவுடன் சிறிய வரிகளையும் படிக்கக் காண்பதுண்டு.

இக்கருத்து புதியதன்று. 1888ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் அடோல்ஃப் ஃபிக் என்பவரும், பாரிஸ் நகரில் யூஜீன் கால்ட் என்பவரும் கண்ணாடியால் ஆன ஓடுகளைக் கண்ணில் பொருத்திப் பார்த்தனர். கால்ட் அவற்றைக் கூம்புக் கருவிழி நோயாளிகளுக்கே பொருத்தினார். ஆகவே, தொடுவில்லையின் தொடக்க வரலாற்றிலேயே இந்நோய்க்கு இடமுண்டு. அந்தக் கண்ணாடி ஓடுகளைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. பின்னர்ப் பிளாஸ்டிக் வில்லைகள் தோன்றின. இன்று வழங்கும் கடின வில்லைகள், காற்றிலுள்ள பிராணவாயு தம் வழியே ஊடுருவிக் கண்ணை அடையுமாறு ஆக்கப்பட்டவை.

கடைகளில் அழகுக்காக விற்கப்படும் மென்வில்லை இந்நோய்க்குப் பெரும்பாலும் பயன்படாது. அது கூம்பின்மீது ஒட்டிப் படிந்து கூம்பின் வடிவையே தானும் பெற்றுவிடும்; குறையை மறைக்காது.

கருவி குறைந்த இடத்தில் நோயைக் கண்டறிதல்

பெரிய கண் மருத்துவமனைகளில் கருவிழியின் மேடுபள்ளங்களை நிலப்படம்போல் வண்ணத்தில் வரைந்து காட்டும் இயந்திரம் உண்டு. நோயைத் தொடக்கத்திலேயே பிடிக்கவும் அதன் வளர்ச்சியை அளக்கவும் அதற்கு ஈடில்லை. ஆனால் அது எல்லா இடத்திலும் இருப்பதில்லை. அஃது இல்லாத இடத்திலும் நோயை ஐயுறுவதற்குப் பல எளிய வழிகள் உள்ளன.

முதலாவது, துளைச் சோதனை. அட்டையில் இட்ட சிறு துளை வழியே எழுத்துப் பலகையைப் பார்க்கும்போது பார்வை தெளிந்தால், குறை கண்ணின் ஒளிக்குவிப்பில் உள்ளது என்பது விளங்கும். இரண்டாவது, ரெட்டினோஸ்கோப் எனப்படும் கைவிளக்கு. அதன் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி அசைத்தால், கூம்புக் கருவிழி உள்ளவரிடம் ஒளிக்கீற்று கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல் பிரிந்து கூடும். மூன்றாவது, பிளாசிடோ வட்டு. 1880ஆம் ஆண்டளவில் போர்த்துக்கல் நாட்டு மருத்துவர் அந்தோனியோ பிளாசிடோ அமைத்தது இது. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்த ஒரு தட்டு. நடுவே பார்ப்பதற்கு ஒரு துளை. அவ்வட்டங்கள் நோயாளியின் கருவிழியில் பிரதிபலிக்கும்போது வட்டமாகவே தெரிந்தால் நன்று. முட்டை வடிவில் இழுபட்டு ஒரு பக்கம் நெருங்கித் தெரிந்தால் ஐயத்துக்கு இடமுண்டு.

இந்தப் பழைய வட்டே இன்று புதுப்பிறவி எடுத்திருக்கின்றது. பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தாரும் சங்கரா கண் மருத்துவமனையினரும் சேர்ந்து, கைத்தொலைபேசியின் முன் பொருத்தத்தக்க வட்டத் தட்டொன்றை அமைத்து, 2021ஆம் ஆண்டில் அதனைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். கைத்தொலைபேசி எடுக்கும் படத்தைக் கொண்டே கருவிழியின் வடிவைக் கணிக்கும் முயற்சி இது. பெரிய இயந்திரம் எட்டாத சிற்றூர்களை நினைவிற்கொண்டே இது செய்யப்பட்டது.

நான்காவது, கெரட்டோமீட்டர். கருவிழியின் வளைவை அளக்கும் இக்கருவி பல கண் பரிசோதனைக் கூடங்களில் உண்டு. இயல்பான கருவிழியின் வளைவு ஆரம் ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டர், வலுவாகக் கூறின் 43 டயாப்டர். கூம்பிய கருவிழியில் ஆரம் 6.5 மில்லிமீட்டராகக் குறைந்தால், வலு 52 டயாப்டரை எட்டும். சாதாரணக் கெரட்டோமீட்டரின் அளவுகோல் அவ்விடத்தோடு முடிந்துவிடும். அதற்கும் ஓர் எளிய உபாயம் உண்டு. பரிசோதனைப் பெட்டியிலுள்ள கூட்டல் 1.25 வலுவுடைய வில்லையொன்றைக் கருவியின் முன்புறத்தில் ஒட்டிவிட்டால், ஏறத்தாழ 61 டயாப்டர்வரை அளக்கலாம். புதிய இயந்திரம் வாங்கப் பணமில்லாத இடத்தில் இச்சிறு வில்லை பெரும் வேலை செய்கின்றது.

வில்லையைப் பொருத்தும் முறை

கூம்புக் கருவிழிக்கு வில்லை பொருத்துவது, அளவெடுத்து உடனே கொடுத்துவிடும் காரியமன்று. தையற்காரர் சட்டையை உடலில் அணிவித்துப் பார்த்து ஊசி குத்தித் திருத்துவதுபோல, கண்ணில் இட்டுப் பார்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதற்குத் தேவையானவை மூன்று: வெவ்வேறு வளைவுகள் கொண்ட சோதனை வில்லைகள் அடங்கிய ஒரு பெட்டி, புளோரசீன் எனப்படும் மஞ்சள் சாயம் தோய்ந்த காகிதத் துண்டு, நீல ஒளி தரும் விளக்கு. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் சிலிட் விளக்கு இருப்பின் மிக நன்று.

கெரட்டோமீட்டர் காட்டிய வளைவுக்கு நெருங்கிய வில்லையொன்றை முதலில் கண்ணில் இடுவர். தொடக்கத்தில் கண் உறுத்தி நீர் வடியும். இருபது முப்பது நிமிடம் பொறுத்திருந்து, கண் அமைதியடைந்த பின்னரே சாயத்தைத் தொட்டு நீல ஒளியில் பார்ப்பர். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும்; வில்லை படலத்தைத் தொடும் இடம் கருமையாகத் தெரியும். இந்தப் பச்சையும் கருமையுமே பொருத்துநரின் வழிகாட்டி.

நடுவில் அகன்ற கருமை தெரிந்தால் வில்லை தட்டையானது. கூம்பின் நுனியை அழுத்துகின்றது. அதனை அப்படியே அணிந்தால் பார்வை நன்றாகத் தெரியக்கூடும். ஆயினும் நாளடைவில் நுனி உராய்ந்து தழும்பேறும். நடுவில் பச்சை குளம்போல் தேங்கிக் காற்றுக்குமிழியும் நின்றால், வில்லை மிகக் குழிவானது, கண்ணை இறுக்கும். நடுவே மெல்லிய தொடுகையும், அதனைச் சூழ இரு பக்கங்களில் இலேசான தொடுகையும், விளிம்பைச் சுற்றிப் பச்சை வளையமும் தெரிந்தால் அதுவே தக்க பொருத்தம். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் வில்லை சிறிதே மேலேறி இறங்க வேண்டும். அப்போதுதான் அதன் கீழுள்ள கண்ணீர் புதுப்பிக்கப்படும். வளைவில் 0.1 மில்லிமீட்டர் மாற்றமும் பொருத்தத்தை வேறுபடுத்தும். உளியின் ஆழம் அறிந்தவர்களுக்கு இந்நுட்பத்தின் அருமை எளிதில் விளங்கும்.

ஒருவர் கண்ணில் இட்ட சோதனை வில்லையை மற்றவருக்கு இடுமுன் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கிருமிநாசினியில் உரிய நேரம் ஊறவைத்து, அந்த மருந்தின் காரத்தை நீக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். வசதி குறைவு என்று இதில் மட்டும் சிக்கனம் பார்த்தலாகாது.

தக்க வளைவு தெரிந்தபின், அவ்வில்லையின்மீதே பார்வையைச் சோதித்து வலுவைக் கணித்து, ஆய்வுக்கூடத்துக்கு எழுதி வில்லையைச் செய்விப்பர். வில்லை வந்ததும் அணியவும் கழற்றவும் நோயாளிக்குக் கற்பிப்பர். முதல் நாள் சில மணி நேரம். பின்னர் நாளுக்கு நாள் சிறிது மிகுதி. ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும், அதன் பின்னர்ச் சில மாதங்களுக்கு ஒருமுறையும் மறுபரிசோதனை நிகழ வேண்டும்.

கடின வில்லையைத் தாங்க இயலாதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மென்வில்லையொன்றை அடியில் இட்டு அதன்மேல் கடின வில்லையை அமர்த்தலாம். கூம்பு மிக முற்றியவர்களுக்கு, கருவிழியைத் தொடாமல் தாண்டி நின்று வெள்ளைவிழியின்மீது அமரும் பெரிய வில்லை பொருத்தப்படுகின்றது. தூய உப்புநீர்க் கரைசலை நிரப்பி அதனை அணிய வேண்டும். அதன் விலையும் பராமரிப்பும் மிகுதியாதலால், சிறிய கடின வில்லையால் இயலாதபோதே பலரும் அதனை நாடுகின்றனர்.

வசதியின்மையை வென்ற முன்மாதிரிகள்

எல்லா வசதியும் வந்த பின்னரே கண்ணுக்குப் பணி செய்வோம் என்று காத்திருந்தால் ஒன்றும் நடவாது. செக்கோசுலோவாக்கிய அறிஞர் ஓட்டோ விக்டர்லே, ஆய்வுக்கூட உதவி கிட்டாத நிலையில், 1961ஆம் ஆண்டின் இறுதியில், தம் வீட்டுச் சமையலறை மேசையில், சிறுவர் விளையாடும் உலோகத் துண்டுகளைக் கோத்து ஒரு பொறி செய்து, அதனைக் கொண்டே முதல் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. மதுரையைச் சேர்ந்த கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி இளம்வயதிலேயே கடும் மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முறுக்கிக்கொண்டவர். அக்கைகளைப் பழக்கியே பல்லாயிரம் கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் வில்லை ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, அந்நிறுவனத்தார் 1992ஆம் ஆண்டில் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை மதுரையில் நிறுவிக் குறைந்த விலையில் தாமே செய்யத் தொடங்கினர். சிற்றூர்களில் அவர்கள் நடத்தும் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பணிப்பெண் கண்ணைச் சோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் கணினித் திரையின் வழியே நோயாளியுடன் பேசி வழிகாட்டுகின்றார்.

கூம்புக் கருவிழிக்கும் இதே வழி ஏற்றது. நீல ஒளியில் தெரியும் சாயக் கோலத்தைப் படமெடுத்து அனுபவம் மிக்க பொருத்துநருக்கு அனுப்பினால், அவர் தொலைவிலிருந்தே “இன்னும் சற்றுத் தட்டையான வில்லையை இட்டுப் பாருங்கள்” என்று கூற இயலும்.

கெலாங் பாத்தா மக்கள் செய்ய வேண்டியது

நம் வட்டாரத்தின் நிலை பல சிற்றூர்களைவிட மேலானது. கெலாங் பாத்தாவில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் உண்டு. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் ஜொகூர் பாருவில், கண் மருத்துவப் பிரிவு கொண்ட சுல்தானா அமினா மருத்துவமனை உள்ளது. கோலாலம்பூரில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும், குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் பார்வைப் பரிசோதகர்களைப் பயிற்றுவிக்கின்றன.

ஆகவே, ஓராண்டுக்குள் இருமுறை கண்ணாடி மாற்றியும் பார்வை தெளியாத பிள்ளையை நேரே கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். “கண்ணாடி மாற்றியும் பயனில்லை; விளக்குகள் பலவாகத் தெரிகின்றன; கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டு” என்று மருத்துவரிடம் தெளிவாகக் கூறுங்கள். கண் மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் தருமாறு கேளுங்கள். பழைய கண்ணாடிச் சீட்டுகளை எறியாது எடுத்துச் செல்லுங்கள். நோய் எவ்வளவு விரைவில் வளர்ந்தது என்பதை அவை காட்டும். வில்லையின் செலவைத் தாங்க இயலாத குடும்பத்தினர் மருத்துவமனையிலுள்ள சமூகப் பணி அதிகாரியைக் கண்டு பேசலாம். வெட்கப்பட்டு வாளாவிருத்தல் பிள்ளையின் கண்ணுக்குச் செய்யும் தீங்காகும்.

தொடுவில்லையைப் பதிவு பெற்ற பார்வைப் பரிசோதகரிடமோ மருத்துவரிடமோ மட்டுமே பெறுங்கள். பசார் மாலாமிலும் நண்பரிடத்தும் வாங்கும் வில்லை கண்ணைக் கெடுக்கும். நம் நாட்டின் 1991ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தொழிலைத் தகுதியுடையோரிடமே ஒப்படைத்துள்ளது.

வில்லையால் இயலாதது

ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். தொடுவில்லை பார்வையைத் தரும்; நோயின் வளர்ச்சியைத் தடுக்காது. வளர்ச்சியைத் தடுப்பதற்கு வேறொரு சிகிச்சை உண்டு. வைட்டமின் பி2 கரைசலைக் கருவிழியில் ஊறவிட்டு, அளவான புற ஊதா ஒளியைப் பாய்ச்சிப் படலத்தின் இழைகளை உறுதிப்படுத்தும் முறை அது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாக்கப்பட்ட இம்முறையின் பயன் 2003ஆம் ஆண்டில் உலகறிய வெளியிடப்பட்டது. ரப்பர்ப் பாலில் தொங்கும் மென்மையான துகள்கள் மருந்தும் சூடும் சேர்ந்தபின் உறுதியான ரப்பராவதைத் தொழிலில் கண்டவர்களுக்கு, இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து வலுவடைவது வியப்பாக இராது. ஆனால் கருவிழி மிக மெலிந்துபோன பிறகு இச்சிகிச்சையைச் செய்வது அரிது. ஆதலால்தான் இளம்பருவத்திலேயே நோயைக் கண்டறிதல் வேண்டும் என்று வற்புறுத்துகின்றோம். காலந்தாழ்த்தித் தழும்பேறிய கண்ணுக்கு, இறந்தவர் ஈந்த கருவிழியை மாற்றிப் பொருத்தும் அறுவை ஒன்றே எஞ்சும்.

கண்ணைக் கசக்குவதை நிறுத்துங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. அரிப்பு மிகுந்தால் மருந்து கேட்டு வாங்குங்கள். குளிர்ந்த துணியை மூடிய இமைமேல் வையுங்கள்.

வில்லை அணிபவர் கைக்கொள்ள வேண்டிய விதிகள்

கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் தூய துணியில் துடைத்து உலர்த்திய பின்னரே வில்லையைத் தொட வேண்டும். பால் படிந்த விரலோடு ஒருபோதும் தொடலாகாது.

வில்லையையும் அதன் டப்பியையும் குழாய் நீரிலோ, கிணற்று நீரிலோ, ஆற்று நீரிலோ கழுவலாகாது. எச்சிலால் நனைக்கவும் கூடாது. தெளிந்த நீரிலும் அகாந்தமீபா என்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கக்கூடும். அது கருவிழியில் புகுந்தால் தாங்கவொண்ணா வலியும் பார்வை இழப்பும் நேரும். அதற்குரிய கரைசலையே பயன்படுத்துங்கள். நேற்றைய கரைசலை இன்று மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

வில்லையோடு உறங்கலாகாது; குளிக்கவும் நீந்தவும் கூடாது. டப்பியை உலர வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ரப்பர்ப் பாலை உறையச் செய்யும் அமிலத்தையும், பாலைக் கெடாது வைக்கும் அம்மோனியாவையும் கையாளும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். அவை கண்ணில் தெறித்தால் முதலில் நினைக்க வேண்டியது கண்ணையே, வில்லையையன்று. அந்நேரத்தில் எந்தத் தூய நீராயினும் உடனே நெடுநேரம் ஊற்றிக் கழுவுங்கள். கழுவும்போதே வில்லையைக் கழற்றுங்கள். அதன் பின்னர் மருத்துவரை நாடுங்கள்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, திடீரென்று பார்வை வெண்மையாகப் படர்ந்து மங்கினாலோ வில்லையைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மறுநாள் வேலை முடித்துப் போகலாம் என்று எண்ணாதீர்கள்.

முடிவுரை

கூம்புக் கருவிழி உயிருக்கு ஊறு செய்யும் நோயன்று. ஆயினும் இளமையின் சிறந்த ஆண்டுகளைத் திருடிச் செல்லும் நோய். அதனை எதிர்க்கச் சோதனை வில்லைப் பெட்டியும், மஞ்சள் சாயமும், நீல விளக்கும், பொறுமை மிக்க ஒரு பொருத்துநரும் இருந்தால் பெரும்பாலும் பார்வை மீளும். ஆனால் மறுபரிசோதனைக்கு நோயாளி வராவிடின் எத்தகைய கருவியும் பயன் தாராது. ஒரு நாள் வேலை போகுமே என்று கணக்கிடும் பெற்றோர், பார்வை குன்றியவர் இழக்கும் நாள்களையும் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும்.

அடுத்த லயத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டே புத்தகத்தை மூக்கருகில் பிடித்துப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். “ஏனப்பா, கண்ணாடி சரியாக இல்லையா?” என்று நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி, அப்பிள்ளையின் பார்வையைக் காக்கும் முதற்படியாக அமையும்.